மலையேறும் வண்டிக்கு எவ்வளவு பெட்ரோல்? நீலகிரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோட்டிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம் பெட்ரோலுக்கு மட்டும் எனக்குப் பதினோராயிரம் ரூபாய் போனது. இரண்டாம் மாதம் கிளட்ச் பிளேட் கருகியது. அது தனியாக ஒன்பதாயிரம். குடும்பம் ஈரோட்டிலேயே இருந்ததால் வாரம் ஒருமுறை இறங்கி ஏற வேண்டியிருந்தது. "மலைன்னா அப்படித்தாங்க குடிக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அப்புறம்தான் ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன். அதே கார், அதே ரோடு, அதே ஆள். இப்போது மாதம் எட்டாயிரத்தைச் சுற்றித்தான் ஆகிறது. மாற்றலாகியோ, கடை போட்டோ, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோ இங்கே வண்டியோடு வருகிறவர்கள் நான் கட்டிய பணத்தைத் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், கையால் கியர் மாற்றுவது. உங்கள் வண்டிக்கு எண்கள் கொஞ்சம் மாறும், முறை மாறாது.

1. முதலில் மலையின் கூலியைக் கணக்கிடுங்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆக, வண்டியை 1,900 மீட்டர் தூக்கி வைக்க வேண்டும். கார், ஆட்கள், பை எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று வையுங்கள். அதைத் தூக்க மட்டும் 24 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூலுக்கு மேல் இருக்கிறது. ஆனால் அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், மீதி சூடாகிப் புகையோடு போகும். அப்படிப் பார்த்தால் தூக்குகூலி இரண்டேகால் முதல் மூன்று லிட்டர். ஐம்பது கி.மீ. உருண்டு போவதற்கு இன்னொரு இரண்டு, இரண்டரை லிட்டர். மொத்தம் ஐந்து லிட்டரை ஒட்டி.

என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை ஏற்றத்துக்கு 4.9 லிட்டர் என்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் டேங்க் நிறைய அடித்து, ஊட்டியில் மறுபடி நிறைய அடித்துப் பார்த்த கணக்கு. லிட்டருக்குப் பத்தரை கி.மீ.தானா என்று பதற வேண்டாம். இறங்கும்போது அதே தூரத்துக்கு 1.6 லிட்டர்தான் ஆனது. போக வர 103 கி.மீ., ஆறரை லிட்டர். லிட்டருக்கு 16 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சமவெளி நெடுஞ்சாலையில் இதே கார் 17, 18 கொடுக்கும்.

அதாவது மலை வாங்கிய கடனில் பெரும்பகுதியை இறக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. என் பதினோராயிரத்தைத் தின்றது மலையே இல்லை. மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் அதே ஏற்றத்துக்கு 7.1 லிட்டர் ஆனது. கூடுதல் 2.2 லிட்டரும் வரிசையில் நின்று நின்று எரித்தது. அதை எந்த இறக்கமும் திருப்பித் தராது.

2. தாள்களைக் கீழேயே சரிசெய்யுங்கள்

மைலேஜுக்கும் தாளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? செக்போஸ்ட்டில் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு போனில் இ-பாஸ் தேடுகிற ஒவ்வொருவரும் தன் பெட்ரோலையும் பின்னால் நிற்கிற நாற்பது பேர் பெட்ரோலையும் சேர்த்து எரிக்கிறார். முதல் தடவை அந்த ஆள் நான்தான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடைச் சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. சீசனில் அன்றன்றைக்கான எண்ணிக்கை முடிந்துவிட்டால் அன்று கிடைக்காது, அதனால் தேதி முடிவானவுடன் எடுத்துவிடுங்கள். அரசின் இணையதளத்தில் வண்டி எண், ஆட்கள் எத்தனை, எப்போது வந்து எப்போது போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரம் கேட்கும். கட்டணம் கிடையாது. பணம் கேட்டு எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். வருகிற கியூஆர் கோடைப் படமாகப் போனில் சேமித்து வையுங்கள். கல்லாறு செக்போஸ்ட்டிலோ குஞ்சப்பனை செக்போஸ்ட்டிலோ சிக்னலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மாற்றலாகி வருகிறவர்களுக்கு இன்னொரு வேலை. மோட்டார் வாகனச் சட்டப்படி வசிப்பிடம் மாறினால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 33, ஆர்.சி., புது முகவரிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று. வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் வேண்டும். எனக்கு மூன்று வாரம் இழுத்தது அதுதான், முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள் மாறினால் நம்பர் மாறாது. பழைய எண்ணோடு இங்கேயே குடியிருக்கிறவர்கள் முகவரிச் சான்றைக் காட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உள்ளூர் பாஸ் கேட்கலாம். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு ஒரே ஒரு முறை பதிவு செய்தால் போதும்.

புகைச் சான்றைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைத் தரம்), அதற்குப் பிந்தைய தர வண்டிக்கு ஒரு வருடம், பழைய வண்டிக்கு ஆறு மாதம் செல்லும். அளவு கூடுதலாக வந்தால் பெட்ரோல் முழுசாக எரியவில்லை என்று வண்டியே சொல்கிறது. ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் பார்த்த பிறகு மலையேறுங்கள்.

டிக்கியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டில் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மாவட்டத்தில் தடை, சோதனையில் நிறுத்துவார்கள்.

3. டிக்கியும் டயரும்

நூறு கிலோ கூடுதலாக ஏற்றினால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குள் சுமார் 200 மில்லி பெட்ரோல் கூடுதல். இருபது ரூபாய். வீடு மாற்றும்போது அரிசி மூட்டையைக் காரில் போடலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாகப் போடலாம். வருடம் முழுக்க டிக்கியில் சும்மா கிடக்கிற சாமானைத்தான் இறக்க வேண்டும். மேலே கேரியர் மாட்டியிருந்தால் சமவெளியில் வேகமாகப் போகும்போது காற்று பிடித்து இழுக்கும். தேவை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

டயர் காற்று காலையில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். மேலே வந்ததும் காற்று கூடிவிடும், குறைக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. உயரத்தால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் இரண்டு மூன்று புள்ளி ஏறிக் காட்ட வேண்டியதுதான், ஆனால் குளிரால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். சூடாக ஏறி வந்த டயரிலிருந்து காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். தொடாதீர்கள்.

பிரேக் ஆயில், கூலன்ட் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

4. எந்த நேரம், எந்த வழி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மிச்சமாகும் பணத்தில் பாதிக்கு மேல் கிளம்பும் நேரத்தில் இருக்கிறது.

என் நோட்டைப் பார்த்தால் விடிகாலை ஐந்தரை, ஆறுக்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிய நாட்களில் ஒருமுறைகூட ஐந்தரை லிட்டரைத் தாண்டவில்லை. எட்டரைக்குப் பிறகு கிளம்பிய வார இறுதி நாட்களில் ஒருமுறைகூட ஆறுக்குக் கீழ் வரவில்லை. சுற்றுலா வண்டிகள் எல்லாம் காலை டிபனை மேட்டுப்பாளையத்தில் முடித்துவிட்டு ஒரே நேரத்தில் கல்லாறுக்கு வந்து சேர்கின்றன. பர்லியாரில் ஒரு நிறுத்தம், காட்டேரி வளைவுகளில் ஒரு நிறுத்தம், குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிறுத்தம். கேட் போட்டுவிட்டால் வெலிங்டன் பக்கம் இருந்து வருகிறவர்களும் நம்மோடு சேர்ந்து நிற்க வேண்டியதுதான். குன்னூரைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விட்டால் ஊட்டி சேரிங்கிராஸில் கடைசி நிறுத்தம் காத்திருக்கும்.

வழி இரண்டு. குன்னூர் வழி 50 கி.மீ.க்குச் சற்று அதிகம், 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழி 60 கி.மீ.யைத் தாண்டும். தூரத்தைத் தவிர இன்னொன்றும் உண்டு: கோத்தகிரி ரோடு ஊட்டியைவிட உயரமான தொட்டபெட்டா சந்திப்புக்கு ஏறி, அப்புறம் ஊருக்குள் இறங்குகிறது. வெறும் ரோட்டில் குன்னூர் வழிதான் சிக்கனம். குன்னூரில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் கோத்தகிரி வழி. மே மாதச் சீசனில் இந்தத் தேர்வும் உங்கள் கையில் இருக்காது, குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்தாக மாற்றிவிடுவார்கள்.

மைசூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போனில் மேப் கல்லட்டி வழியைக் காட்டும், தூரம் குறைவு என்று ஆசை காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். வெளியூர் எண் வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை. போய்த் திரும்பிக் கூடலூர் வழியாகச் சுற்றினால் இரண்டு வழியும் சேரும் தெப்பக்காட்டுக்கு 30 கி.மீ.யை ஒட்டிக் கூடுதல், அதோடு போய்த் திரும்பிய தூரம். பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதையும் சேர்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

5. ஏற்றத்தில் காலும் கியரும்

சமவெளி ஓட்டுநர் மலையில் செய்கிற முதல் தப்பு, மைலேஜ் வேண்டும் என்று மேல் கியரிலேயே பிடித்துத் தொங்குவது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் வண்டி முனகிக்கொண்டே போனால் பெட்ரோலும் வீண், என்ஜினும் கெடும். இரண்டாவது தப்பு, பயந்துபோய் ஃபர்ஸ்ட் கியரிலேயே அலறவிடுவது. என் காருக்கு நேர் ஏற்றத்தில் மூன்றாவது, கொண்டை ஊசிக்கு இரண்டாவது. வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிவிட வேண்டும், நடுவளைவில் திணறும்போது இல்லை. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கையால் கியரைப் பூட்டும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே போகும்.

மேலே போகப் போக வண்டி சோம்பேறியாவதாகத் தோன்றும். தோற்றம் இல்லை, உண்மை. ஊட்டி உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுவதால் டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும். கீழே ஓவர்டேக் செய்த அதே துணிச்சலில் லவ்டேல் பக்கம் ஏற்றத்தில் பஸ்ஸைத் தாண்டப் போனால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். கார்புரேட்டர் வைத்த பழைய பைக் என்றால் மெலிந்த காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகக் கலந்து கரும்புகை விடும். இங்குள்ள மெக்கானிக்கிடம் ஒருமுறை டியூன் செய்துகொள்ளுங்கள்.

முன்னால் லாரி போனால் என்ன செய்வது? அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு, அது நின்றால் நின்று, நகர்ந்தால் பாய்ந்து போகிறவர்கள்தான் அதிகம். நாற்பது கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை பிரேக் போட்டு நின்று, மறுபடி அதே வேகத்தை எட்டினால் ஏழெட்டு மில்லி பெட்ரோல் போகும். ஒருமுறைக்கு அற்பம். ஒரு ஏற்றத்தில் நூறு முறை என்றால் முக்கால் லிட்டர். நான்கைந்து கார் நீளம் விட்டு, லாரியின் சராசரி வேகத்திலேயே உருண்டுகொண்டு வாருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், அவருக்கு வழி கிடைக்கிற இடத்தில் ஒதுங்கிக் கொடுங்கள்.

குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சாலை விதி. இங்குள்ள பஸ் ஓட்டுநர்கள் இதைச் சரியாகப் பார்ப்பார்கள். உங்கள் இறக்கத்தில் நீங்களும் பாருங்கள்.

ஏசி? கல்லாறு தாண்டி பர்லியார் காற்று வந்ததும் அணைத்துவிடலாம், சின்ன என்ஜினுக்கு உடனே வித்தியாசம் தெரியும். குன்னூர்ப் பக்கம் மூடுபனி இறங்கிக் கண்ணாடி மறைத்தால் மட்டும் யோசிக்காமல் போடுங்கள், அங்கே மைலேஜ் பார்க்கக் கூடாது.

6. வரிசையில் மாட்டிக்கொண்டால்

நின்றுகொண்டே ஓடும் சின்ன பெட்ரோல் கார் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசி போட்டால் ஒரு லிட்டர் வரை போகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு என்ஜினை அணையுங்கள்.

என் கிளட்ச் பிளேட் கதை இங்கேதான் நடந்தது. ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு, பாதி கிளட்ச்சும் கொஞ்சம் ஆக்சிலேட்டருமாக வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைப்பது எனக்குப் பெரிய திறமையாகத் தோன்றியது. காட்டேரிக்கு மேலே ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தபோது முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன். ஊட்டியில் மெக்கானிக் பிளேட்டைக் கழற்றிக் காட்டி, "சார், இதுல தோசை சுடலாம்" என்றார். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக். நகரும்போது கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். ஆளில்லாத ஏற்றத்தில் ஒரு மணி நேரம் பழகினால் வந்துவிடும்.

முன் வண்டி ஒரு அடி நகர்ந்தால் நாமும் ஒரு அடி நகர வேண்டியதில்லை. இருபது அடி இடைவெளி விழட்டும், அப்புறம் ஒரே மூச்சில் போகலாம்.

7. இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள்

நீலகிரிக்கு வருகிற எல்லோருக்கும் யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லியிருப்பார்: "இறக்கத்துல நியூட்ரல் போட்டு விடுங்க, பெட்ரோலே ஆகாது." கார்புரேட்டர் காலத்துப் பேச்சு இது. இப்போதைய இன்ஜெக்ஷன் என்ஜினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றுவதால் பெட்ரோல் செலுத்துவது முழுசாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தேவை. ஆக, கியரில் இறங்குவதுதான் இலவசம், நியூட்ரலுக்குத்தான் காசு.

காசைவிடப் பெரியது பிரேக். நியூட்ரலில் இறங்கினால் வேகத்தை முழுக்க பிரேக்கே தாங்க வேண்டும். சூடேறிப் பிடிமானம் குறையும், ஒரு கட்டத்தில் மிதித்தாலும் நிற்காது. சாவியையே அணைத்துவிட்டு இறங்கும் பைத்தியக்காரத்தனமும் உண்டு. அதில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் உதவி இழந்து கல்லாகிவிடும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரச் சொல்லி வைத்திருக்கும் பலகைகள் சும்மா இல்லை. இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜின் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். பெட்ரோல் குடிக்கிற சத்தம் என்று பயந்து கியரை மாற்றாதீர்கள். என் காரின் டிஸ்ப்ளேயில் அப்போது உடனடி மைலேஜ் 99.9 என்று நிற்கும்.

சக்கரத்திலிருந்து கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

8. ஊருக்குள் குட்டிப் பயணங்கள்

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத செலவு இது. மலைப்பாதை ஒழுங்கானபிறகும் வார நாட்களில் லிட்டருக்கு எட்டு, ஒன்பதைத் தாண்டவில்லை. வீட்டிலிருந்து அலுவலகம் இரண்டரை கி.மீ. காலையில் பத்து நிமிடம் வண்டியைச் சூடேற்றிவிட்டுக் கிளம்புவேன். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகச் செலுத்தப்படும். நிறுத்தி வைத்து ஓடவிட்டால் அது சூடாகவும் நேரமாகும். அரை நிமிடம் போதும். அப்புறம் முதல் இரண்டு கி.மீ. மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். மார்க்கெட், பள்ளிக்கூடம், கேஸ் ஏஜென்சி எல்லாவற்றையும் என்ஜின் ஆறுவதற்குள் ஒரே சுற்றாக முடித்துவிடுங்கள். நான் இப்போது அலுவலகத்துக்கு நடக்கிறேன். திரும்பும்போது ஏற்றம், அது வேறு விஷயம்.

9. நோட்டு போடுங்கள்

டிஸ்ப்ளே காட்டும் மைலேஜை நம்பாதீர்கள், பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பெட்ரோல் பங்க்கில், பம்ப் தானாக நின்றதும் நிறுத்தி, லிட்டரையும் கி.மீ. மீட்டர் காட்டும் எண்ணையும் எழுதுங்கள். ஏற்றத்தை மட்டும் தனியாகப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போய்வந்த கணக்கைப் பாருங்கள். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைவு. பழைய பில்லோடு ஒப்பிடும்போது இதையும் கழித்துக்கொள்ளுங்கள், எல்லாப் பழியையும் உங்கள் காலின் மேல் போட வேண்டாம்.

நான் எழுதுவது ஐந்து கட்டங்கள்: தேதி, கிளம்பிய நேரம், வழி, லிட்டர், எத்தனை நிமிடம் நின்றேன். கடைசிக் கட்டம்தான் ரொம்ப உதவியது. இரண்டு மாதத்தில் எந்தக் கிழமை, எந்த நேரம் என்று அதுவே சொல்லிவிடும். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாத வாரத்தில் என் நோட்டில் லிட்டர் கட்டம் காலி. அந்த வாரம் குடும்பம்தான் பஸ் ஏறி மேலே வந்தது.